கண்ணுக்குத் தெரியாத கடன்

 

ஒளூச் செய்யும் தண்ணீரைப் பற்றி நம் மார்க்கச் சட்ட நூல்கள் எவ்வளவு நுட்பமாகப் பேசுகின்றன! நஜீஸ் விழுந்து நிறம், மணம், சுவை ஆகிய மூன்றில் ஒன்று மாறினாலும் அந்தத் தண்ணீர் ஆகாது. ஆனால் இம்மூன்றும் மாறாமலே தண்ணீர் கெடுவதும் உண்டு. ஈயம், நிக்கல், துத்தநாகம் போன்ற உலோகங்கள் சிறு அளவில் கரைந்திருந்தால் கண்ணுக்கும் தெரியாது, நாவுக்கும் தெரியாது. நமக்குத் தெரியவில்லை என்பதால் அல்லாஹ்விடம் கணக்கு இல்லாமற் போகுமா?

நம் கோவை, உலோகத் தொழிலால் வளர்ந்த ஊர். வார்ப்படச் சாலைகளும் பம்பு செட் தொழிற்சாலைகளும் முலாம் பூசும் பட்டறைகளும் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. நம்மவர்களில் பழைய இரும்பு, பழைய பேட்டரி வியாபாரம் செய்வோரும் உண்டு. ஹலாலான உழைப்புத்தான். ஆயினும் முலாம் பூசிய பொருளைக் கழுவிய நீரும், பேட்டரியை உடைத்துக் கொட்டிய அமிலமும் சாக்கடையில் விட்டால் எங்கே போகும்? வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல் கோவையையும் திருப்பூரையும் கடந்து காவிரியில் கலக்கிறது. காவிரி கடலுக்குப் போகிறது.

சோற்றுக் கழிவு மக்கி மண்ணாகும், உலோகம் மக்காது. வண்டலில் ஒட்டி வழியிலுள்ள குளத்திலும் வயலிலும் தங்கும். வெள்ளம் வந்தால் மேலும் கீழே நகரும். எந்த ஆறானாலும் கடலைத் தொடும் முகத்துவாரத்தில் அந்த வண்டல் படிகிறது. அங்கே சேற்றைத் தின்னும் புழுவும், நீரை வடிகட்டி உண்ணும் ஆளியும் மட்டியும் உலோகத்தை உடலில் சேர்த்துக்கொள்கின்றன. செம்பு மிகுந்தால் சிப்பிக் குஞ்சுகள் மடிகின்றன. தாங்கக்கூடிய சில புழுக்கள் மட்டும் பெருக, மற்றவை மறைகின்றன. அவற்றை நம்பிய மீனும் நண்டும் பறவையும் இரையின்றிப் போகின்றன. அல்லாஹ் ஒன்றையொன்று சார்ந்து வாழப் படைத்த கூட்டம் அது.

ஜப்பானிலுள்ள மினமாட்டா விரிகுடாவில் ஓர் ஆலை 1932 முதல் பாதரசக் கழிவை விட்டது. மீனைத் தின்ற பூனைகள் துடித்துச் செத்தன. பின் மீனவர்கள் கைகால் இழுத்து விழுந்தனர். வயிற்றிலிருந்த சிசுக்களும் தப்பவில்லை. 1956-ல் நோய் வெளிப்பட்டது. கழிவை நிறுத்தியதோ 1968-ல்!

“நம் ஒரு வாளித் தண்ணீரால் கடலா கெட்டுவிடும்?” என்று கேட்கலாம். ஒவ்வொரு பட்டறையும் இதையே சொன்னால்? தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதையே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அதுவும் ஒருவர் செய்யும் சிறு காரியந்தானே!

இன்னொன்றையும் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். தொழுகை, நோன்பு, ஜகாத்தோடு மறுமைக்கு வந்தும், பிறருக்கு இழைத்த அநீதிக்காகத் தன் நன்மைகளையெல்லாம் கொடுத்துத் தீர்த்துவிட்டு நிற்பவனே உண்மையில் திவாலானவன். அடியார்களின் ஹக்கு, தௌபாவினால் மட்டும் தீர்வதில்லை. தீங்கு பட்டவரிடம் மன்னிப்புப் பெறவேண்டும். முகத்துவாரத்து மீனவரை நாம் கண்டதே இல்லை. அவரை எங்கே தேடுவோம்? ஆகவே இந்தக் கடன் ஏறாமல் காப்பதே வழி.

பட்டறை வைத்திருப்போர் கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் வெளியே விடவேண்டாம். பழைய பேட்டரியை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி நிலையத்துக்கே சேர்ப்பிக்கச் சட்டம் சொல்கிறது. காசு குறைந்தாலும் அப்படியே செய்வோம். வீட்டிலுள்ளோர் செத்த பேட்டரிகளையும் பாதரசமுள்ள டியூப் லைட்டையும் குப்பையோடு கலக்காமல் தனியே வைப்போம்.

நம் சம்பாத்தியத்தில் பிறர் துயரம் கலவாமல் அல்லாஹ் காப்பானாக! ஆமீன்.