குற்றம் எங்கே உறைகிறது?

குற்றமற்ற பொருள்கள் பல ஒன்றுகூடிச் செய்யும் காரியத்தில் குற்றம் தோன்றுமானால், அது எங்கிருந்து வந்தது என்பது தத்துவ விசாரத்தின் மிகப் பழைய கேள்விகளுள் ஒன்று. படைத்தவன் நல்லவனாயிருக்கப் படைப்பில் தீமை எவ்வாறு புகுந்தது என்று சமயவாதிகள் கேட்டதும், செம்மையான இந்திரியங்களைப் பெற்ற மனிதனுக்குப் பொய்க்காட்சி எவ்வாறு உண்டாகிறது என்று தார்க்கிகர்கள் கேட்டதும் இக்கேள்வியின் வெவ்வேறு வடிவங்களே. பெரிய கேள்விகளைப் பெரிய இடங்களில் மட்டுமே ஆராய வேண்டும் என்ற நியதி ஒன்றும் இல்லை. இந்நாளில் பல வீடுகளின் மேசை மீது வந்து அமர்ந்திருக்கும் போட்டோ பிரிண்டர் என்னும் சிறிய யந்திரம், வாங்கி வந்த சில தினங்களுக்குள்ளேயே காகிதத்தை இழுக்க மறுத்து நிற்கும்போது, இக்கேள்வியை நம் கண்முன்னே நிறுத்துகிறது. சொல்லும் விடை மெய்யோ பொய்யோ என்பது அங்கே உடனே பிரத்யட்சமாகிவிடுவதால், விசாரத்துக்கு அது மிகவும் உகந்த இடமாகிறது.

பழைய யந்திரம் பழுதுபட்டால் தேய்மானம் என்ற ஒரே சொல்லால் கேள்வியை முடித்துவிடலாம். புதிய யந்திரத்தில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. யந்திரம் புதியது, மை புதியது, காகிதமோ அன்று உறை பிரித்தது. அப்படியிருந்தும் ரப்பர் உருளை காகிதத்தின் மேல் வீணே சுழல்கிறது. அல்லது இரண்டு தாள்களைச் சேர்த்து இழுத்து நடுவழியில் சிக்கவைக்கிறது. அல்லது குழந்தையின் முகத்தின் குறுக்கே வெள்ளைக் கோடுகளை வரைகிறது. அல்லது மை காகிதத்தில் ஊறாமல் மேலே ததும்பி நின்று, விரல் பட்டவுடன் ஈஷிக்கொள்கிறது.

இந்த யந்திரத்தின் காரியம் எத்தனை மெல்லிய பொருத்தங்களின் மீது நிற்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும். உருளைக்கும் மேல்தாளுக்கும் இடையே உள்ள உராய்வு, மேல்தாளுக்கும் அதன் கீழ்த்தாளுக்கும் இடையே உள்ள உராய்வை விட மிகுந்திருந்தால்தான் தாள் ஒவ்வொன்றாக உள்ளே செல்லும். சாதாரண ஜெராக்ஸ் காகிதம் சதுர மீட்டருக்கு 70 அல்லது 80 கிராம் எடையுள்ளது. போட்டோ காகிதமோ பெரும்பாலும் 200 முதல் 300 கிராம் வரை எடையுள்ளதாய், விறைப்பாய், வளைந்து செல்லும் பாதையில் எளிதில் வளையாததாய் இருக்கிறது. அதன் ஒரு பக்கத்தில் மையை ஏற்பதற்கென்றே ஒரு பூச்சு உண்டு. காற்றிலுள்ள ஈரத்தைப் பருகினால் தாள் ஓரங்களில் சுருள்கிறது. பளபளக்கும் முகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. மைத்துளியோ சில பிகோலிட்டர் அளவே உள்ளது; ஒரு லிட்டரை லட்சம் கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கே ஒரு பிகோலிட்டர். அத்தகைய துளிகளை எவ்வளவு சொரிய வேண்டும், எந்த வேகத்தில் சொரிய வேண்டும் என்பதை, இன்ன காகிதம் இடப்பட்டிருக்கிறது என்று நாம் கணினியில் தெரிவிக்கும் சொல்லை நம்பியே வீட்டு யந்திரங்களிற் பெரும்பாலானவை நிர்ணயிக்கின்றன. ஜெராக்ஸ் காகிதம் என்று தெரிவித்துவிட்டுப் பளபளப்பான போட்டோ காகிதத்தை இட்டால், யந்திரம் நாம் சொன்னதற்கு உண்மையாகவே நடக்கிறது, படம்தான் கெடுகிறது.

இத்தகைய நிலையில் மனித மனம் முதலில் செய்யும் காரியம், காரணத்தைத் தேடுவதன்று, குற்றவாளியைத் தேடுவது. யந்திரம் செய்தவன் ஏமாற்றிவிட்டான் என்கிறார் ஒருவர். மலிவான காகிதம் என்கிறார் மற்றொருவர். நேற்றுப் பையன் தொட்டதிலிருந்துதான் இப்படி என்கிறார் வீட்டுப் பெரியவர். இவற்றில் ஏதேனும் ஒன்று மெய்யாகவும் இருக்கலாம். ஆயினும் குற்றவாளியைத் தேடுகிற மனம் ஒரு பெயர் கிடைத்தவுடன் திருப்தியடைந்து நின்றுவிடுகிறது. காரணத்தைத் தேடுகிற மனமோ, காரியம் செவ்வையாக நடந்தாலன்றித் திருப்தியடைவதில்லை. கோபத்துக்கும் விவேகத்துக்கும் உள்ள தூரம் இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரந்தான்.

காரணம் என்பது யாது என்று நம் நாட்டு நியாய சாத்திரம் மிக நுட்பமாக ஆராய்ந்திருக்கிறது. காரியத்துக்கு முன்னே நியதமாக இருப்பதும், வேறு வகையால் அங்கே வந்து சேராததும் எதுவோ அதுவே காரணம் என்பது அதன் முடிவு. இந்த இரண்டாவது நிபந்தனையை விளக்கத் தார்க்கிகர்கள் குயவனின் கழுதையைக் காட்டுவார்கள். குடம் வனைவதற்கு முன்னே மண் சுமந்து வந்த கழுதை அங்கே நின்றது உண்மையே. எனினும் கழுதையின்றியும் குடம் உண்டாகக் கூடுமாதலால், கழுதை குடத்துக்குக் காரணமாகாது. நேற்றுப் பையன் தொட்டான் என்பது இந்தக் கழுதையைக் காரணமாக்கும் வாதமே. முன்னே நிகழ்ந்தது என்ற ஒன்றே காரணமாவதற்குப் போதுமானால், உலகில் எதற்கும் எதையும் காரணமாக்கிவிடலாம். சகுனம் பார்ப்பதும் அண்டை வீட்டார் மீது பழி சுமத்துவதும் இந்த மயக்கத்திலிருந்தே பிறக்கின்றன.

இம்மயக்கத்தைத் தீர்க்கும் சாதனமாக அதே சாத்திரம் அந்வய வியதிரேகத்தைக் கூறுகிறது. எது இருந்தால் காரியம் இருக்கிறதோ, எது இல்லையேல் காரியமும் இல்லையோ, அதுவே காரணம் என்று துணிவது அம்முறை. பளபளப்பான தாள்களைக் கட்டாக இட்டபோது சிக்கிய யந்திரத்தில் அதே தாளை ஒற்றையாக இட்டுப் பார்க்க வேண்டும். ஒற்றைத் தாள் தடையின்றிச் சென்றால், உருளையும் பாதையும் குற்றமற்றவை என்பதும், தாளுக்கும் தாளுக்கும் உள்ள ஒட்டுதலே தடை என்பதும் ஒருங்கே தெரிந்துவிடுகின்றன. ஒற்றைத் தாளும் செல்லவில்லையானால், சாதாரணக் காகிதம் ஒன்றை இட வேண்டும். அதுவும் நின்றுவிடுமானால், விற்பனைக்கு அனுப்பும்போது ஒட்டிய காப்பு நாடா ஏதேனும் உள்ளே அகற்றப்படாமல் இருக்கிறதா என்று பாதையைப் பார்க்க வேண்டும். படம் கோடு கோடாக விழுந்தால், நாஸில் செக் என்னும் பரிசோதனைக் கோலத்தைச் சாதாரணக் காகிதத்தில் அச்சிட்டுப் பார்ப்பது முறை. கோலம் அறுபடாமல் வந்தால் மையும் அதைச் சொரியும் துளைகளும் செவ்வையாக உள்ளன. குற்றம் காகிதத்தின் பக்கத்திலோ, நாம் தெரிவித்த காகித வகையிலோ, அச்சுத்தலையை நேர்ப்படுத்தும் அமைப்பிலோ இருக்கிறது. கோலம் அறுபட்டால் மட்டுமே ஹெட் கிளீனிங் என்னும் அச்சுத்தலைச் சுத்திகரிப்பைச் செய்வது பொருந்தும்.

இதில் ஒரு கட்டுப்பாடு மறைந்திருக்கிறது. ஒரே சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். பொறுமையிழந்தவர் காகிதத்தையும் மாற்றி, மையையும் மாற்றி, கணினியின் அமைப்பையும் மாற்றிவிட்டுப் படம் சரியாக வந்ததும் மகிழ்கிறார். ஆனால் எதனால் சரியாயிற்று என்று அவர் அறியவில்லையாதலால், அவர் பெற்றது வெற்றியே தவிர ஞானமன்று. விசாரமில்லாத பரிகாரம் தீங்கும் செய்யும். கோலத்தைப் பாராமல் திரும்பத் திரும்ப ஹெட் கிளீனிங் செய்பவர், படத்துக்குச் செல்ல வேண்டிய மையைக் கழிவுமை உறிஞ்சும் பஞ்சுக்குக் கொடுக்கிறார். சிக்கிய தாளைச் சினத்தோடு பிடுங்குபவர் கிழிந்த துண்டு ஒன்றை உள்ளே விட்டுவைக்கிறார். அடுத்த சிக்கலுக்கு அந்தத் துண்டே காரணமாகிறது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, இரு கைகளாலும் பற்றி, தாள் செல்லும் திசையிலேயே மெல்ல இழுக்க வேண்டும் என்பது கைநூல்கள் பலவும் கூறும் சிறிய விதி. அதில் அகிம்சையின் சாயல் இருப்பதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை.

உபாதி, அதாவது மறைந்து நிற்கும் நிபந்தனை, என்ற மற்றொரு நுட்பமும் இங்கே துணை நிற்கிறது. நெருப்புள்ள இடமெல்லாம் புகை உண்டு என்று ஒருவன் துணிந்தால், ஈர விறகு என்னும் உபாதியை மறந்தான் என்பார்கள் நையாயிகர்கள்; பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்புண்டு, புகையில்லை. கிளாஸி பேப்பர் போட்டால் இந்த யந்திரம் சிக்கும் என்று துணிபவர், அக்காகிதம் உறைக்கு வெளியே பல நாள் ஈரக் காற்றில் கிடந்தது என்னும் உபாதியை மறக்கிறார். உறையிலிருந்து அப்போது எடுத்த தாளை, விசிறிப் பிரித்து, ஓரங்களைச் சமமாகத் தட்டி, பக்கத் தடுப்புகள் தாளை நெருக்காமலும் விலகாமலும் தொட்டு நிற்குமாறு அமைத்து, பூசிய முகம் அந்த யந்திரம் கேட்கும் திசையை நோக்குமாறு இட்டால், நேற்று விதி என்று தோன்றியது இன்று விதியாக இருப்பதில்லை. பின்புறம் இடும் யந்திரங்களில் பூசிய முகம் பெரும்பாலும் மேல்நோக்க வேண்டும். முன்தட்டிலிருந்து தாளை வளைத்து எடுக்கும் யந்திரங்கள் பலவற்றில் அது கீழ்நோக்க வேண்டும். ஆகவே ஓரிடத்தில் சரியானதே மற்றோரிடத்தில் பிழையாகிறது.

இப்பொழுது நம் முதற் கேள்விக்குத் திரும்பலாம். காகிதத்தைத் தனியே எடுத்து ஆராய்ந்தால் அதில் குற்றமில்லை, யந்திரத்தில் இல்லை, மையிலும் இல்லை. அவற்றின் சேர்க்கையிலேதான், சேர்க்கையிலும் இருக்க வேண்டிய ஒரு பொருத்தம் இல்லாமற் போனதிலேதான், குற்றம் இருந்தது. ஒரு காரியம் தனிக்காரணம் ஒன்றால் விளைவதில்லை, காரணங்கள் அனைத்தும் கூடிய சாமக்ரியால் விளைகிறது என்று நையாயிகர்கள் சொன்னதும், குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டமும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று சைவ சித்தாந்திகள் வகுத்ததும் இந்த உண்மையைக் கண்டே. மணிமேகலை காஞ்சியில் அறவண அடிகளிடம் முதலில் அளவைகளையும் அவற்றின் போலிகளையும் கேட்டு, அதன் பின்னரே பன்னிரு நிதானங்களாகிய சார்புத் தோற்றத்தைக் கேட்டாள் என்று சாத்தனார் அமைத்திருப்பதும் ஆழ்ந்த பொருளுடையது. காரணத்தை அறியும் நெறி தெரியாதவனுக்குத் துக்கத்தின் காரணத்தைச் சொல்லிப் பயனில்லை. மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்கும் திருவள்ளுவர், நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து உதவுவோன் என்ற நான்கின் கூட்டாகவே மருத்துவத்தைக் காண்கிறார். அவர் மருந்தை மட்டும் போற்றவும் இல்லை, மருத்துவனை மட்டும் பொறுப்பாக்கவும் இல்லை.

குற்றம் சேர்க்கையில் இருக்கிறது என்றால், பொருளில் குற்றமே இராதா என்று ஒருவர் கேட்கலாம். இருக்கும். பற்சக்கரம் உடைந்தே வந்த யந்திரமும் உண்டு. பூச்சு சீராக அமையாத காகிதமும் உண்டு. பிற காரணங்கள் யாவற்றையும் ஒவ்வொன்றாக விலக்கிய பின்பும் தடை நீங்கவில்லையானால், குற்றம் பொருளிலேயே உள்ளது என்று தயக்கமின்றிச் சொல்லி, உத்தரவாதக் காலத்துக்குள் அதைத் திருப்பிக் கொடுப்பதே நியாயம். அந்த முறையீட்டுக்கு வலிமை தருவது அதற்கு முன் செய்த விசாரமே. எல்லாப் பழியும் சேர்க்கையின் மேல் போனால் எவருக்கும் பொறுப்பு இல்லாமற் போகுமே என்ற இரண்டாவது ஆட்சேபமும் நிற்காது. முதற்காரணமும் துணைக்காரணமும் ஜடம்; அவை தம்மைத் தாமே பொருத்திக்கொள்ள மாட்டா. அறிவுள்ள நிமித்த காரணம் ஒன்றே அவற்றைப் பொருத்தவல்லது. ஆகையால், பழி எவர் மேல் நின்றாலும், பொறுப்பு அறிவுடையவனையே சாரும்.

நம் சமய வாழ்வுக்கு இதிலிருந்து ஒரு பாடம் உண்டு. வினைக் கொள்கையின் உயிர்நிலை, காரணமின்றி எதுவும் நிகழாது என்னும் உறுதி. ஆனால் நாம் அதைப் பெரும்பாலும் விசாரத்தை நிறுத்துவதற்கே உபயோகிக்கிறோம். ஒரு குடும்பம் வறுமையில் வாடினால் தலைவிதி என்கிறோம். ஒரு பிள்ளை படிப்பில் பின்தங்கினால் அவன் புத்தி அவ்வளவுதான் என்கிறோம். ஆசிரியர் நல்லவர், பிள்ளையும் நல்லவன், பாடமும் நல்லது. அவன் பின்வரிசையிலிருந்து கரும்பலகை தெரியாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருப்பதை எவரும் பார்க்கவில்லை. விதி என்று சொல்லி விசாரத்தைக் கைவிடுவது வினைக் கொள்கையை நம்புவதாகாது; அதை மறுப்பதாகும்.

நாம் பேசிய யந்திரமே விசாரத்தின் குழந்தை. 1977-ஆம் ஆண்டில் ஜப்பானின் கானன் நிறுவன ஆய்வுக்கூடத்தில், சூடான பற்றவைப்புக் கோல் ஒன்று மை நிரம்பிய ஊசிக்குழலின் முனையில் தற்செயலாகப் பட்டது. மை பீறிட்டுத் தெறித்தது. பொறியியலாளர் இச்சிரோ எண்டோவும் அவருடைய கூட்டத்தாரும் அதை விபத்து என்று துடைத்துவிட்டுப் போகாமல் ஏன் தெறித்தது என்று கேட்டார்கள். வெப்பத்தால் எழும் குமிழியே மையை உந்தும் என்ற உண்மையும், அதன் மீது எழுந்த அச்சு முறையும் அந்தக் கேள்வியால் கிடைத்தன.

ஆதலால் வாசகர்களை வேண்டிக்கொள்வது இதுவே. யந்திரமாயினும் மனிதராயினும் காரியம் கெட்டு நிற்கும்போது, குற்றம் சாட்டும் விரலைச் சற்று மடக்கிவைத்து, ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். உங்கள் பங்கையும் அந்தச் சோதனையில் சேர்த்துக்கொள்ளுங்கள். யந்திரத்தில் அது காகிதத்தையும் மையையும் மிச்சப்படுத்தும். மனிதர்களிடத்தில் அது அநியாயத்தைத் தவிர்க்கும்.