சூடு ஆறட்டும்

1947 முதல் 1955-இன் தொடக்கம் வரை அமெரிக்காவில் செவ்ரோலே நிறுவனம் செய்த பிக்கப் வண்டிகளைப் பார்த்தால், அந்தக் காலத்து மனிதர்கள் இரும்புத் தகட்டை எவ்வளவு மனம் வைத்து வளைத்திருக்கிறார்கள் என்பது புரியும். உருண்டு திரண்ட முன்முகம். 1953 வரை வந்த வண்டிகளில் நடுவே பிரிந்த இரட்டை முன்கண்ணாடி. பின்னால் மரப்பலகை பதித்த சுமைத்தட்டு. வயலுக்கும் சந்தைக்கும் போய்வந்த வண்டி அது. எழுபது வயதைத் தாண்டிய அவற்றில் பல, இன்று யாராவது ஒருவருடைய கொட்டகையில் செப்பனிடக் காத்து நிற்கின்றன. பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவுகிற வடக்கு மாநிலங்களில் ஓடியவை என்றால், கீழ்ப்பாகத்தை எப்படியும் துரு தின்றிருக்கும்.

துரு முதலில் பிடிக்கிற இடங்களில் ஒன்று கேபினின் பின்மூலை. உள்ளே மண் சேரும், ஈரம் தங்கும், வெயில் எட்டாது. வெளியே பெயின்ட்டில் ஒரு கொப்புளம் எழுகிறபோது உள்ளே அரிப்பு வெகுதூரம் போயிருக்கும். அந்த மூலையை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து, சுற்றியுள்ள பழைய தகடு நெளியாமல் பற்றவைக்க வேண்டும். கேட்டால் சின்ன வேலை. ஆனால் மனத்தை அடக்குவது பற்றி நான் கேட்ட எத்தனையோ சொற்பொழிவுகளைவிட இந்த வேலையிடமிருந்து நான் பெற்றது அதிகம்.

தகட்டின் கனம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். எஃகு உருக 1500 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடு வேண்டும். சூடான இரும்பு விரியும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்; ஒரு மீட்டர் நீளப் பட்டையில் 100 டிகிரி சூடு ஏறினால் சுமார் 1.2 மில்லிமீட்டர் நீளும். ஆனால் விரிவதால்தான் தகடு நெளிகிறது என்று அதோடு விட்டுவிட்டால் விஷயம் பிடிபடாது. தடுப்பு எதுவும் இல்லாத ஒரு தகட்டை முழுக்கச் சீராகச் சூடாக்கிச் சீராக ஆறவிட்டால், அது விரிந்து மறுபடி பழைய அளவுக்கே வந்து சேரும். பற்றவைக்கும்போது நடப்பது வேறு. ஒரு புள்ளி மட்டும் கொதிக்கிறது. சுற்றிலும் தகடு குளிர்ந்து இறுகி நிற்கிறது. கொதிக்கிற புள்ளி விரியப் பார்க்கிறது, குளிர்ந்தது விடமாட்டேன் என்கிறது. போக இடமில்லாத அந்த இளகிய இரும்பு தனக்குள்ளேயே நெருக்குண்டு தடித்துப்போகிறது. பிறகு ஆறும்போது சுருங்குகிறது. இப்போது அதன் நீளம் முன்பு இருந்ததைவிடக் குறைவு. அந்தக் குறையை ஈடுகட்ட அக்கம்பக்கத்தையெல்லாம் பிடித்து இழுக்கிறது. பற்றவைத்த தையல் ஒன்று முழுக்க இப்படி இழுத்தால், கண்ணாடிபோல் இருந்த தகடு அலை அலையாகிவிடும்.

இதை நான் நெடுநாள் மனத்தில் போட்டு ஊறவைத்திருக்கிறேன். சூட்டின் மேல் குற்றமில்லை. சூடு இல்லாமல் இரண்டு இரும்பு ஒன்றாவது ஏது? ஓரிடம் கொதிக்க, மற்ற இடமெல்லாம் உறைந்து கிடப்பதுதான் நெளிசலின் வேர். பூஜையறையில் உருகி நிற்கிற ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவரே கூடத்துக்கு வந்ததும் பெற்ற தாயிடம் முகம் கொடுத்துப் பேசாதவராக, வேலைக்கு வரும் பெண்ணிடம் சுள்ளென்று விழுகிறவராக இருக்கக்கூடும். அந்த உருக்கம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். அது மெய்தான். ஆனால் பரவ இடமில்லாத வெப்பம் அது. நாளாக ஆக அவரையே ஒரு பக்கமாக இழுத்துக் கோணலாக்கிவிடுகிறது. துக்கமும் அப்படியே. யாரிடமும் சொல்லாமல், எந்த வேலையோடும் கலக்கவிடாமல் ஓரிடத்தில் வைத்துக் காய்ச்சிய துக்கம், வாழ்க்கையின் மற்ற பாகங்களையும் தன்பக்கம் சுருக்கிக்கொள்ளும். உள்ளே எழுகிற எந்த வெப்பத்துக்கும் விரிய இடம் கொடுக்கவேண்டும். பரவுகிற அளவுக்கு மட்டும் சூடு, பரவி முடிகிறவரை பொறுமை. தகடு கேட்பதும் இதைத்தான்.

பற்றவைப்பதற்கு முந்தைய வேலை நீண்டது. துருப்பிடித்து மெலிந்த இரும்பைத் தாண்டி, கெட்டியான தகடு வருகிற வரை வெட்டவேண்டும். இரக்கப்பட்டுக் கொஞ்சம் விட்டுவைத்தால் அந்த இடம் சூடு பட்டதும் ஓட்டையாகிவிடும். வெட்டுக்கோட்டை அகலமான சமதளத்தின் நடுவே கொண்டுபோகாமல், வளைவை ஒட்டிய இடத்தில் வைப்பது நல்லது. வளைந்த தகடு சூட்டின் இழுப்பைத் தாங்கிக்கொள்ளும், சமதளத்துக்கு அந்த வலிமை கிடையாது. புதுத் துண்டின் மூலைகளைக் கூராக விடாமல் உருட்டிவிடவேண்டும். அரம் போடு, வைத்துப் பார், எடு, மறுபடி அரம் போடு. கம்பி ஊட்டிப் பற்றவைக்கிற மிக் வெல்டிங் என்றால் தகட்டின் கனம் அளவுக்கு நூல்போல ஓர் இடைவெளி சுற்றிலும் சீராக ஓடவேண்டும். பெயின்ட், துரு, எண்ணெய்ப் பிசுக்கு எதுவும் இருக்கக்கூடாது. இரு பக்கமும் வெள்ளிபோல மின்னவேண்டும். இந்த ஆயத்தத்தில் சலித்துக்கொள்கிறவர் பிறகு நெருப்பில் அதற்கு விலை கொடுப்பார்.

அப்புறம் டாக் வைப்பது, அதாவது பொட்டுப் பொட்டாகப் பற்றவைப்பது. 0.6 மில்லிமீட்டர் கம்பி, ஆர்கானும் கரியமில வாயுவும் கலந்த வாயு, ஒரு நொடிப்பொழுது சுடர், அவ்வளவுதான். ஒரு பொட்டு இங்கே, அடுத்தது எதிர் மூலையில், பிறகு இரண்டுக்கும் நடுவில். ஒன்றை வைத்த சூட்டோடு அதன் பக்கத்திலேயே இன்னொன்றை வைப்பதில்லை. ஓர் அங்குலத்துக்கு ஒன்றாகச் சுற்றி வந்தபின் அந்த இடைவெளிகளின் நடுவில், பிறகு அதற்கும் நடுவில். கடைசியில் பொட்டுகளே ஒன்றையொன்று தொட்டுக் கோடாகிவிடும். ஒரே இழுப்பில் கோடு போட இந்த மெல்லிய தகடு இடம் தராது.

எனக்கு இதைக் காட்டிக்கொடுத்தவர் ஒஹையோவில் வாழ்நாளெல்லாம் பாடி வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். பேச்சு குறைவு. ஒவ்வொரு பொட்டுக்கும் பிறகு கையுறையைக் கழற்றிவிட்டுப் புறங்கையை மெல்லத் தகட்டின் அருகே கொண்டுபோவார். முதலில் தொடமாட்டார், வெப்பம் தோலுக்கு எட்டுகிறதா என்று மட்டும் பார்ப்பார். பிறகு உள்ளங்கையை வைப்பார். அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருப்பார். "கை வைத்துப் பார். பொறுக்க முடிகிறதா? சரி, இப்போது அடுத்தது." அதற்குமேல் விளக்கம் கிடையாது. காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியைத் தொடுகிற கை அது.

அந்த நேரத்தில் அவர் வேறு எதையும் செய்வதில்லை என்பதைக் கவனித்தேன். போனை எடுப்பதில்லை, பட்டறையை ஒழுங்குபடுத்துவதில்லை. தகட்டோடு இருப்பார். இரண்டு பொட்டுக்கு நடுவே கழிகிற பொழுதை நாம் வீண்பொழுது என்று கணக்குப் போடுகிறோம். அவருக்கு அதுவும் வேலை நேரம். சுடர் எரிகிற நொடியில் இரும்பு இணைகிறது. ஆறுகிற நிமிடங்களில் அந்த இணைப்பு தன் அளவுக்கு வந்து நிற்கிறது. சிலர் காற்றடித்துச் சீக்கிரம் ஆறவைப்பார்கள், ஈரத்துணியும் வைப்பார்கள். தையலுக்குப் பின்னால் செம்புப் பட்டை ஒன்றை அணைத்துப் பிடிப்பதும் உண்டு. செம்பு சூட்டை வாங்கிக்கொள்ளும், எஃகோடு ஒட்டிக்கொள்ளாது. செம்பு சரி. காற்றும் தண்ணீரும் எனக்கு ஒப்புவதில்லை. ஆறுவதை விரட்டத் தொடங்கினால் கை அடுத்த பொட்டையும் விரட்டும். கை விரட்டினால் மனமும் ஓடும். தியானத்தில் அமர்ந்து பழகியவர்களுக்கு இந்த ஓட்டம் நன்றாகத் தெரிந்திருக்கும்.

எந்த அளவு சூடு போனது என்பதை இரும்பே எழுதிக் காட்டுகிறது. ஆறியபின் தையலின் இரு கரையிலும் நிறங்கள் தெரியும்: வெளியே வைக்கோல் மஞ்சள், உள்ளே ஊதா, அதற்கும் உள்ளே ஏறத்தாழ 300 டிகிரியைத் தொட்ட இடத்தில் நீலம். நீலப்பட்டை ஒடுக்கமாக இருந்தால் கை நிதானமாக இருந்திருக்கிறது. அகன்று போயிருந்தால் நிதானம் எங்கோ தவறியிருக்கிறது. யாரும் சாட்சி சொல்லத் தேவையில்லை. பொறுமை அங்கே நிறமாகப் பதிந்திருக்கும்.

எவ்வளவு நிதானமாகச் செய்தாலும் சுருக்கம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். பெரியவரிடம் நான் கற்றதில் மிக இதமானது இதுதான்: சுருங்கியது மறுபடி நீளும். பின்னால் டாலி என்கிற இரும்புக் கட்டையை அணைத்துப் பிடித்து, முன்னால் சுத்தியலால் தையலின் மேல் மட்டும் லேசாகத் தட்டவேண்டும். டாலிக்கும் சுத்தியலுக்கும் நடுவே அகப்பட்ட இரும்பு நூலிழை நூலிழையாக மெலிந்து, இழந்த நீளத்தை மீட்டுக்கொள்ளும். பின்னால் தாங்கல் இல்லாமல் அடித்தால் நீளாது, டொக்கு விழும். திருத்துகிற அடி எதற்கும் பின்னால் தாங்குகிற கை ஒன்று வேண்டும். பிள்ளைகளைக் கண்டிக்கிற பெற்றோரும், சீடனைக் கடிந்துகொள்கிற குருவும் அந்தக் கை எங்கே இருக்கிறது என்று தங்களையே கேட்டுக்கொள்வது நல்லது. சுத்தியலின் முகத்தைப் பெரியவர் பளபளவென்று தேய்த்து வைத்திருப்பார். அதில் ஒரு தழும்பு இருந்தால் அடிபடுகிற தகட்டிலும் அதே தழும்பு பதியும். இதற்குமேல் நான் என்ன சொல்ல!

எப்போது நிறுத்துவது என்பதும் ஒரு ஞானம். அளவுக்கு மேல் நீட்டினால் தகடு புடைத்துக்கொள்ளும், பிறகு அதைச் சுருக்க மறுபடி சூடு வேண்டும். நாலு தட்டு, தடவிப் பார். இரண்டு தட்டு, தடவிப் பார். கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளம் உள்ளங்கைக்குத் தெரியும். கிரைண்டர் பிடிக்கும்போதும் இதே அடக்கம்தான். ஓரிடத்தில் நின்று உரசினால் அதுவும் கொதிக்கும், அதுவும் இழுக்கும்.

பட்டி பூசுவதைச் சிலர் இழிவாகப் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நேர்மையாகச் சமன்படுத்திய தகட்டின் மேல் மெல்லிதாக ஒரு பூச்சுப் பட்டி தாராளமாக இருக்கலாம். ஆனால் தளர்ந்து கிடக்கிற தகட்டைப் பட்டியால் மூடக்கூடாது. அது வண்டி குலுங்கும்போதெல்லாம் உள்ளே அசையும், பட்டி வெடிக்கும், வெடிப்பின் வழியே ஈரம் இறங்கி மறுபடி துரு தொடங்கும். அதனால் பட்டி டப்பாவைத் திறக்குமுன் தையலை ஒட்டிய இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கவேண்டும். டொப் என்று உள்ளே போய் வெளியே வந்தால், டப்பாவை மூடிவிட்டு டாலியை எடுக்கவேண்டியதுதான்.