செம்பின் களிம்பும் டர்போ எஞ்சினின் ஆவியும்

மாசு நீங்கியது என்று சமய நூல்கள் கூறும்போது, நீங்கிய மாசு எங்கே போயிற்று என்ற கேள்வி எழ வேண்டும். படிப்பவர் மனம் நீங்கியதிலேயே நிறைவடைந்து விடுவதால் அது பெரும்பாலும் எழுவதில்லை. இக்கேள்வியைத் தட்டிக் கழிக்காமல் எதிர்கொண்ட நெறிகளுள் சைவ சித்தாந்தம் ஒன்று. ஆணவம் என்னும் மலம் செம்பில் களிம்பு போலத் தொன்றுதொட்டு உயிரோடு உடனாய் இருப்பது என்றும், வீடுபேற்றிலும் அது அழிந்து இல்லாமற் போவதில்லை, உயிரின் அறிவை மறைக்கும் அதன் ஆற்றல் மட்டுமே அடங்குகிறது என்றும் அந்நெறி கொள்கிறது. அழியாத மாசை உடன் வைத்துக்கொண்டு ஓர் உயிர் எவ்வாறு தூயதாகும் என்று பிற நெறியினர் மறுத்தனர். அந்த வழக்கு ஏட்டோடு முடிந்துவிட்டது என்று கருத வேண்டியதில்லை. செங்கல்பட்டு வட்டாரத்துக் கார் பட்டறைகளில், தத்துவம் எதையும் கருதாமலேயே, அது வேறொரு வடிவில் இன்றும் நடந்துகொண்டிருக்கிறது.

அவ்வட்டாரத்தின் தொழில் நகரம் ஒரு சித்தாந்தியின் பெயரையே தாங்கி நிற்கிறது. திருக்கழுக்குன்றத்து இறைவனை வேண்டிப் பெற்ற பிள்ளை என்பதால் வேதாசலம் என்று பெயரிடப்பட்டு, 1916இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தின் வழியில் அப்பெயரை மறைமலை என்று தமிழாக்கிக்கொண்ட அடிகளின் நினைவாக அமைந்த மறைமலைநகரில்தான், ஒரு லிட்டர் கொள்ளளவும் மூன்று சிலிண்டரும் கொண்ட டர்போ பெட்ரோல் எஞ்சின் பொருத்திய எக்கோஸ்போர்ட் காரை ஃபோர்டு நிறுவனம் 2013இல் வெளியிட்டது. தெற்கே சிறிது தொலைவில், மகேந்திரா வேர்ல்டு சிட்டியில், பி.எம்.டபிள்யூ. ஆலை 2007 முதல் இயங்கி வருகிறது. தனித்தமிழ் கண்டவரின் ஊரில் கிரேங்க்கேஸ், பிரீதர், பேக் கம்ப்ரஷன் என்ற சொற்களே புழங்குகின்றன என்பதும், அவற்றுக்கு ஆக்கிய தமிழ்ச் சொற்கள் அகராதியை விட்டுப் பட்டறைக்கு இறங்கி வரவில்லை என்பதும் ஒரு புறம் இருக்கட்டும். வெளியிலிருந்து வந்து கலந்ததை வெளியேற்றிவிட்டால் உள்ளிருப்பது தன் இயல்பில் விளங்கும் என்னும் அவருடைய மொழிக்கொள்கையே தூய்மை பற்றிய ஒரு விடை. எஞ்சினுக்கு அந்த விடை போதாது. அதன் மாசு வெளியிலிருந்து வருவதில்லை.

பிஸ்டன் சிலிண்டருக்குள் தடையின்றி ஏறி இறங்க வேண்டுமானால் இரண்டுக்கும் நடுவே சிறு இடைவெளி இருந்தே ஆக வேண்டும். அந்த இடைவெளியை ரிங்குகள் அடைக்கின்றன, ஆனால் முழுவதும் அடைப்பதில்லை. முழுவதும் அடைத்தால் பிஸ்டன் நகராது. ஆகவே ஒவ்வொரு வெடிப்பிலும் எரிந்ததும் எரியாததுமான வாயு சிறிதளவு ரிங்குகளைத் தாண்டிக் கீழே கசிகிறது. பட்டறைகளில் பேக் கம்ப்ரஷன் என்று சொல்லப்படும் இக்கசிவு, கிரேங்க் ஷாஃப்ட் சுழலும் மூடிய அறையாகிய கிரேங்க்கேஸில் நிறைந்து, அங்கே சுழற்சியால் சிதறிப் பனிபோல் மிதக்கும் ஆயில் துளிகளோடு கலக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாக உண்டாகிறது என்பதால், கசியும் வாயுவில் நீராவியும், அதனோடு அமிலமும் கரியும் கலந்திருக்கும். நகர்வதற்கு வேண்டிய இடைவெளியே கசிவுக்கும் வழியாகிறது என்பதைக் கருதினால், இயங்கும் எஞ்சினுக்கு இம்மாசு உடன்பிறந்தது என்றே சொல்ல வேண்டும். மெக்கானிக் இதை அளக்கும் முறை எளியது: எஞ்சின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றி, அதே வாயின் மேல் தலைகீழாக வைத்துவிட்டு நிற்பார். மூடி இலேசாக நடுங்கினால் கவலையில்லை. துள்ளிக் கீழே விழுந்தால் ரிங் தேய்ந்துவிட்டது என்று கொள்வார்.

பழைய எஞ்சின்களில் இந்த ஆவியை ஒரு குழாய் வழியாகத் தெருவில் விட்டுவிடுவதே வழக்கமாக இருந்தது. மாசு வெளியேறியது, எஞ்சின் தூய்மையாயிற்று, தெரு அழுக்காயிற்று. 1960களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில், நகரத்தின் மேல் கவிந்த புகைமூட்டத்தை ஆராய்ந்தபின், அந்தக் குழாயைத் திருப்பி எஞ்சினின் வாய்க்குள்ளேயே செலுத்தும் பிசிவி என்ற ஏற்பாடு கட்டாயமாயிற்று. இந்தியாவின் பாரத் ஸ்டேஜ் விதிகளும் பெட்ரோல் கார்களின் கிரேங்க்கேஸ் வாயு வெளிக்காற்றில் கலப்பதை ஏற்பதில்லை. கசிந்ததை மீண்டும் உள்ளே இழுத்து, எந்தத் தீயிலிருந்து அது வந்ததோ அந்தத் தீயிலேயே எரிப்பது இதன் முறை. சித்தாந்தம் அறிந்தவருக்கு இது புதிதாகத் தோன்றாது. மாயையும் மலமே என்றால் அதனால் ஆகிய உடலையும் கருவிகளையும் இறைவன் உயிருக்கு ஏன் கொடுக்கிறான் என்ற வினாவுக்கு, சாணியையும் உவர்மண்ணையும் துணியில் ஏற்றி, அந்த அழுக்கோடு பழைய அழுக்கையும் போக்கும் வண்ணாரின் செயலைச் சித்தாந்த ஆசிரியர்கள் உவமையாகக் காட்டினர். அழுக்கை அழுக்கால் கழுவும் இந்த முறை, வெளியேற்றும் முறையைவிட ஆழமானது. வெளி என்று தனியே ஓரிடம் இருப்பதாக அது எண்ணிக்கொள்வதில்லை.

டர்போ வந்தபின் இந்த ஏற்பாடு சிக்கலாகிறது. சாதாரண எஞ்சின் காற்றைத் தானே உறிஞ்சுவதால், அதன் காற்று நுழைவறையில் பெரும்பாலும் ஒரு வெற்றிடம் நிலவுகிறது. சும்மா ஓடும் நேரத்தில் அங்குள்ள அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே இருக்கும். கிரேங்க்கேஸின் ஆவியை இழுத்து எரிப்பது இந்த வெற்றிடம்தான். டர்போவோ வெளியேறும் புகையின் விசையால் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழன்று, காற்றை அமுக்கி அதே அறைக்குள் திணிக்கிறது. அப்போது உறிஞ்சிய இடம் ஊதும் இடமாகிவிடுகிறது. அந்த அழுத்தம் கிரேங்க்கேஸுக்குள் திரும்பிப் பாயாதபடி ஒருவழி வால்வு மூடிக்கொள்கிறது. கசிவு மிகுதியாக இருப்பதும் அதே நேரத்தில்தான். எஞ்சின் தன் முழு வலிமையைக் காட்டும் கணத்தில் அதன் கழுவாய் வழி அடைபடுகிறது என்பது பொறியியலில் ஒரு குறிப்பு மட்டுமே. ஆனால் ஆணவம் என்ற சொல்லைப் பேச்சுத் தமிழ் எந்தப் பொருளில் வழங்குகிறது என்பதை அறிந்தவர் இவ்விடத்தில் சற்று நிற்காமல் போக முடியாது.

அந்நேரத்தில் ஆவி இரண்டாவது குழாய் வழியாக டர்போவின் முன்வாய்க்குச் செல்கிறது. அங்கே உறிஞ்சுதல் இருப்பதால் ஆவி இழுக்கப்படுகிறது. இழுக்கப்பட்ட ஆயில், சுழலும் சக்கரத்திலும், அமுங்கிச் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் உட்சுவரிலும் படலமாகப் படிகிறது. எரியும் அறையை அடையும் ஆயில், பெட்ரோலின் தட்டுத் தாங்கும் திறனைக் குறைப்பதால், எரிதல் நேரம் தவறி நிகழ்ந்து பிஸ்டனைத் தாக்கக்கூடும். பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் எஞ்சின்களில் உள்வால்வின் முதுகைப் பெட்ரோல் கழுவுவதில்லை. ஆகவே அங்கே கரி அடை அடையாக ஏறுகிறது. டர்போவின் பேரிங்குகளை நனைத்த ஆயில் தன் எடையாலேயே கீழே வழிந்து கிரேங்க்கேஸுக்குத் திரும்ப வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கீழே அழுத்தம் ஏறிவிட்டால் ஆயில் இறங்க இடமின்றித் தேங்கி, சீல்களைத் தாண்டி எரிந்து, நீலப் புகையாக வெளிப்படும். டர்போ போய்விட்டது என்று பல நேரம் தீர்ப்பாகிவிடுகிறது. உண்மைக் குற்றவாளியோ, கிரேங்க்கேஸின் ஆவி வெளியேற வேண்டிய பிரீதர் குழாய் அடைபட்டதாக இருக்கும்.

காப்பதற்காக ஊற்றிய ஆயிலே ஒட்டவைக்கும் பொருளாக மாறுவதைச் சமணம் நன்கு அறிந்திருந்தது. எண்ணெய் பூசிய உடலில் தூசு ஒட்டுவது போல, வேட்கை, சினம் முதலிய கஷாயங்களால் பிசுபிசுத்த உயிரில் வினை என்னும் நுண்பொருள் வந்து படிகிறது என்பது சமண விளக்கம். வினை அந்நெறியில் பண்பு அன்று, நுண்ணிய பொருளே. அது வந்து பாய்வதை ஊற்று என்றும், பாயும் வழியை அடைப்பதைச் செறிப்பு என்றும், முன்பே படிந்ததை உதிர்ப்பதை உதிர்ப்பு என்றும் தமிழ்ச் சமணர் பெயரிட்டனர். பந்தயக் கார்களில் பொருத்தப்படும் கேட்ச் கேன் இம்முறையின் வடிவம் என்றே கூறலாம். ஆவி செல்லும் வழியில் தடுப்புத் தகடுகளும் கம்பிவலையும் கொண்ட ஒரு குவளையை வைத்தால், ஆவி தட்டித் தட்டிக் குளிர்ந்து, ஆயில் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கீழே வடிகின்றன, காற்று மட்டும் மேலே செல்கிறது. குறுகிய ஓட்டங்களுக்கே பயன்படும் காரின் குவளையைத் திறந்தால், நீரும் ஆயிலும் கலந்து பால் காபி நிறத்தில் ஒரு கூழ், பெட்ரோல் வாடையோடு தேங்கியிருக்கும்.

சமணமும் சைவமும் இந்த மண்ணில்தான் நேருக்கு நேர் நின்றன. சமணனாக இருந்த பல்லவ மன்னன் அப்பரால் சைவனானான் என்று பெரியபுராணம் கூற, அம்மன்னன் மகேந்திரவர்மன் என்று ஆய்வாளர் பலர் கொள்கின்றனர். அவன் காலத்துக் குடைவரை செங்கல்பட்டை ஒட்டிய வல்லத்தில் இருக்கிறது, சமணரின் திருப்பருத்திக்குன்றம் காஞ்சிபுரத்தை ஒட்டி இருக்கிறது. மாசு வெளியிலிருந்து வருவது என்னும் சமண விளக்கத்துக்கு இவ்வட்டாரத்திலேயே ஒரு சான்றும் உண்டு. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலின் கல்லில் கடற்காற்று ஏற்றும் உப்பை, நனைத்த காகிதக் கூழைச் சுவரில் அப்பிக் காயவிட்டுத் தொல்லியல் துறையினர் உறிஞ்சி எடுக்கின்றனர். கூழ் உதிரும்போது உப்பும் அதனோடு வருகிறது; காற்று நிற்பதில்லை என்பதால் பணியும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியதாகிறது. கல்லுக்குச் சமண விளக்கம் பொருந்துகிறது: ஊற்று உண்டு, உதிர்ப்பு உண்டு, சவுக்குத் தோப்பு நட்டுக் காற்றை மறிக்கும் செறிப்பும் உண்டு.

எஞ்சினுக்கு அது பாதியே பொருந்தும். மாசு எவ்வாறு ஒட்டுகிறது என்பதைச் சமணம் சரியாகக் கண்டது. எங்கிருந்து வருகிறது என்பதில் சித்தாந்தமே அருகில் நிற்கிறது. கசிவை ஒழிக்க முயன்று ரிங்குகளை இறுக்குபவர் எஞ்சினையே இறுக்கி நிறுத்திவிடுவார். அதை வழிப்படுத்தி, அதன் ஆற்றலை அடக்கி வைப்பவரே எஞ்சினை ஓட்டுவார். மலம் இருக்கும், மறைக்காது என்று சித்தாந்தம் சொல்வதை இதைவிட எளிதாகக் காட்ட இயலாது. ஆனால் உவமை எதுவும் ஒருபுடை ஒப்புமையே என்பதை மறந்தால் பிழை நேரும். ஆணவத்துக்குத் தொடக்கம் இல்லை. கசிவோ முதல் வெடிப்பில் தொடங்குகிறது. மலம் காலப்போக்கில் பக்குவப்பட்டுத் தன் பிடியைத் தளர்த்துகிறது என்பர். ரிங் தேயத் தேயக் கசிவு கூடிக்கொண்டே போகிறது, எஞ்சினுக்கு மலபரிபாகம் என்பதே இல்லை. களிம்பைப் போக்கிச் செம்பைப் பொன்னாக்க இரசக் குளிகை வேண்டும் என்று சித்தாந்தமும், உயிர் தன் தவத்தாலேயே வினையை உதிர்க்கும் என்று சமணமும் வழக்கிடும் இடத்தில் மட்டும் எஞ்சின் மீண்டும் சைவத்தின் பக்கம் சாய்கிறது: குவளை எவ்வளவு நன்றாகப் பிடித்தாலும் தன்னைத் தானே காலி செய்துகொள்ளாது, வேறொரு கை வர வேண்டும்.

அந்தக் கை வரத் தவறக்கூடும் என்று கருதியே, உலக மோட்டார் பந்தய அமைப்பின் விதி, திறந்த பிரீதர் உள்ள 2,000 சி.சி. வரையிலான காருக்கு 2 லிட்டரும், அதற்கு மேற்பட்ட காருக்கு 3 லிட்டரும் குறையாத கலம் வேண்டும் என்றும், அக்கலம் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கால் ஆனதாகவோ உள்ளே தெரியும் சாளரம் உடையதாகவோ இருக்க வேண்டும் என்றும் வகுத்தது. சேர்ந்தது எவ்வளவு என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும் என்பது அதன் கருத்து. பட்டறையில் அந்தக் குவளையின் கூழ் பழைய ஆயில் டிரம்மில் கொட்டப்படுகிறது. டிரம் நிறைந்ததும், உரிமம் பெற்ற மறுசுத்திகரிப்பு ஆலைக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். ஆனாலும் அவ்வப்போது ஒரு கேன் பழைய ஆயிலைக் கட்டட மேஸ்திரி கேட்டு வாங்கிப் போவதுண்டு. அதைத் துணியில் தோய்த்துச் சென்ட்ரிங் பலகைகளில் தடவினால், தளம் இறுகியபின் கான்கிரீட் ஒட்டாமல் பலகை சுத்தமாகக் கழன்று வரும்.