ஸ்டோனர் மாளிகைக் கோயில்

பக்தி மனத்தின் காரியம். அதற்குப் பீடமும் பூசையும் எதற்கு என்று கேட்பவர்கள் எக்காலத்திலும் உண்டு. இக்கேள்விக்கு ஏட்டில் விடை தேடுவதைக் காட்டிலும், இங்கிலாந்தின் சில்டர்ன் குன்றுகளிடையே, ஒரே வம்சத்தார் எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருந்துவரும் ஸ்டோனர் மாளிகையையும் அதை ஒட்டிய கத்தோலிக்கக் கோயிலையும் நோக்குவது பயன் தரும்.

அப்பிரதேசத்தில் செதுக்குவதற்கேற்ற நல்ல கல் இல்லை. சுண்ணப் பாறையுள் புதைந்து கிடக்கும் சக்கிமுக்கிக் கல்லே உண்டு. அது மகா கடினமானது. ஆயினும் நீரை உறிஞ்சாததால் சாந்து அதனை எளிதில் பற்றுவதில்லை. உருண்டு திரண்ட அதைக்கொண்டு மூலை திருப்பவும் இயலாது. ஆகவே கொத்தனார் சுவரைச் சிறிது எழுப்பி, காரை இறுகும்வரை காத்திருந்து, மீண்டும் எழுப்புவார். மூலைக்கும் சன்னல் ஓரத்துக்கும் செங்கல்லை நாடுவார். 1416-17இல் தாமஸ் ஸ்டோனர் இரண்டு லட்சம் செங்கல்லை 40 பவுனுக்கு வாங்கி, வண்டிக் கூலியாக மட்டும் 15 பவுன் அளந்தார். கோயிற்சுவர் சக்கிமுக்கி, கோபுரம் செங்கல். விசுவாசமும் அந்தக் கல்லைப் போன்றதே என்பது என் துணிபு: எத்துணை உறுதியாயினும் தனக்கென மூலையில்லாதது, அநுஷ்டானமே அதனை நிமிர்ந்து நிற்கச் செய்கிறது.

1581இல், அரசாங்கத் திருச்சபையின் ஆராதனைக்கு வராதவர்க்கு மாதம் 20 பவுன் அபராதம் என்று சட்டம் பிறந்தது. முன்னோர் செங்கல்லுக்குக் கொடுத்த விலை இரண்டே மாதத் தண்டமாயிற்று. இடையே நாணய மதிப்பு சரிந்தது மெய்யே, ஆனாலும் கனத்த தொகைதான். உள்ளே கத்தோலிக்கராகவும் வெளியே சட்டத்துக்கு அடங்கியவராகவும் பலர் காலம் தள்ளினர். பிள்ளை குட்டிக்காரர்களான அவர்களைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் தகப்பன் மனத்துக்குள்ளேயே பூட்டி வைத்ததை மகன் எவ்வாறு கண்டு பெறுவான்?

ஸ்டோனர் குடும்பத்தார் அடங்கவில்லை. அவ்வாண்டே இயேசு சபைக் குருவான எட்மண்ட் காம்பியனின் ‘பத்து நியாயங்கள்’ என்னும் லத்தீன் நூல் அவர்கள் மாளிகையில் இரகசியமாக அச்சேறி, ஜூன் மாதத்தில் ஆக்ஸ்ஃபோர்டின் புனித மரியாள் கோயில் பெஞ்சுகளில் வைக்கப்பட்டது. ஆகஸ்டில் அச்சுப்பொறி பறிபோயிற்று. வீட்டுத் தலைவி சிசிலி அம்மையார் காவலில் வைக்கப்பட்டார். டிசம்பர் 1ஆம் நாள் காம்பியன் டைபர்னில் தூக்கிலிடப்பட்டார். பூசை மட்டும் நிற்கவில்லை. கத்தோலிக்கருக்குப் பெரும்பாலான உரிமைகளைத் தந்த 1829ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை தலைமுறை தலைமுறையாக அது தொடர்ந்தது.

இன்று அக்கோயிலில் உள்ள சிலுவைப்பாதைச் சிற்பங்கள், இரண்டாம் உலகப்போரில் சிறைப்பட்ட போலந்துக்காரர் யோசெப் யானாஸ் செதுக்கி, நாவலாசிரியர் கிரஹாம் கிரீன் காணிக்கையாக அளித்தவை. சிறைப்பட்டவன் மனத்துக்குள் தியானிப்பதை எந்தக் காவலனாலும் தடுக்க முடியாது. ஆயினும் அம்மனிதருக்கு அது போதவில்லை, உளியை எடுத்தார்.