தாழ்ந்த இடமே ஆசிரியரின் இடம்

நல்ல குருவைத் தேடி மாணவன் நாடெங்கும் அலைந்த கதைகள் நம் நாட்டில் ஏராளம். நல்ல மாணவரை வேண்டி ஆசிரியர் செய்த பிரார்த்தனையை அறிந்தோர் குறைவு. தைத்திரீய உபநிடதத்தின் சீக்ஷாவல்லியில் அத்தகைய பிரார்த்தனை ஒன்று இடம்பெற்றுள்ளது. தண்ணீர் பள்ளத்தை நோக்கி ஓடி வருவது போல எல்லாத் திசைகளிலிருந்தும் மாணவர்கள் தன்னிடம் வந்து சேர வேண்டும் என்று அங்கே ஆசாரியர் வேண்டுகிறார். 'இன்னார் வரட்டும், இன்னார் வர வேண்டாம்' என்ற பாகுபாடு அதில் இல்லை.

இந்த உவமையில் ஒரு நுட்பம் உண்டு. தண்ணீர் மேட்டை நோக்கி வருவதில்லை. எல்லோரும் தன்னிடம் வர வேண்டும் என்று விரும்பும் ஆசிரியர் முதலில் தன்னைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். யோகம் கற்பிக்கப் புதிதாகப் புறப்படும் இளைஞர்களும், அவர்களை உருவாக்கும் மூத்த ஆசிரியர்களும் மனத்தில் இருத்த வேண்டிய முதற்பாடம் இதுவே.

மலையும் அடிவாரமும்

திருவனந்தபுரத்திலிருந்து விதுரா வழியாக மலையேறும் சாலை போனக்காட்டில் முடிகிறது. ஒரு காலத்தில் செழித்த தேயிலைத் தோட்டம் அது. பல தலைமுறைகளுக்கு முன் அங்கே குடியேறிய தமிழ்த் தொழிலாளரின் வழித்தோன்றல்கள் லயங்களில் வாழ்ந்து வந்தனர். தோட்டம் நலிந்தது, தொழிற்சாலை ஓய்ந்தது, ஊதியமும் பணிக்கொடையும் நிலுவையில் நின்றன. பல குடும்பங்கள் மலையிறங்கிப் போயின.

அகத்தியர்கூடம் என்னும் 1,868 மீட்டர் உயரச் சிகரத்துக்கு நடைப்பயணம் தொடங்குவதும் இந்தப் போனக்காட்டிலிருந்துதான். ஆண்டுதோறும் ஜனவரியில் பருவம் தொடங்கியதும் வனத்துறையின் அனுமதிச் சீட்டோடு யாத்திரிகர்கள் வருகிறார்கள். யோகம் பயில்வோரும் சித்தர் மரபில் பற்றுள்ளோரும் அவர்களில் பலர். எல்லோருடைய கண்ணும் சிகரத்தின் மீதே இருக்கிறது. பேய் உலவுவதாகச் சொல்லப்படும் பழைய பங்களாவைப் பார்க்க வருவோரும் உண்டு. இல்லாத பேயைத் தேடிவரும் கூட்டம், இருக்கின்ற மனிதரின் ஒழுகும் கூரையைக் காணாமல் திரும்பிவிடுகிறது.

யோக ஆசிரியருக்கு இது ஒரு சோதனை. சிகரத்தில் அகத்தியரை வணங்கச் செல்பவர் அடிவாரத்தில் முதுகு வலியோடு அமர்ந்திருக்கும் மூதாட்டியைப் பார்த்தாரா? பார்க்காமல் சென்றிருந்தால், அகத்தியரிடமிருந்து அவர் என்ன கற்றார்?

குறுமுனி காட்டிய வழி

சிவபெருமான் திருமணத்தைக் காண அனைவரும் வடக்கே கூடியதால் பூமி சாய்ந்தது என்றும், அதைச் சமன் செய்ய அகத்தியர் தெற்கே அனுப்பப்பட்டார் என்றும் புராணம் கூறும். விழாப் பந்தலில் இடம்பிடிக்க எல்லோரும் முந்தியபோது, யாரும் இல்லாத திசைக்குப் போகச் சம்மதித்தவர் அவர். கூட்டம் குவிந்த இடத்தில் இன்னொரு வகுப்பு தொடங்குவது எளிது. ஆளில்லாத பக்கம் சென்று நிற்பதே ஆசிரியப் பணி.

அகத்தியரைக் 'குறுமுனி' என்று தமிழ் உலகம் போற்றுகிறது. யோகாசிரியர் என்றாலே நெடிய உடலும் வில்லாய் வளையும் முதுகும் வேண்டும் என்று எண்ணுவோர் இப்பெயரைச் சற்றே சிந்திக்கலாம். அவருக்கு மாணவர் பன்னிருவர் என்பது மரபு. தொல்காப்பியரும் அவர்களுள் ஒருவராகச் சொல்லப்படுகிறார். உருவத்தில் சிறியவராகச் சொல்லப்படும் அந்த ஆசிரியரின் பெருமை அவர் மாணவர்களிடம் வளர்ந்து நின்றது.

மறுத்தவரே ஏற்றுக்கொண்டார்

அண்மைக் காலத்திலும் இதற்குச் சான்றுகள் உள்ளன. மைசூர் அரண்மனையின் ஆதரவில் யோகசாலை நடத்திய ஸ்ரீ திருமலை கிருஷ்ணமாச்சார்யாவிடம் 1930களின் பிற்பகுதியில் ஓர் ஐரோப்பியப் பெண் வந்தார். அவர் வெளிநாட்டவர், அதோடு பெண். ஆசிரியர் மறுத்துவிட்டார். மன்னர் எடுத்துச் சொன்ன பிறகே ஏற்றுக்கொண்டார். உணவிலும் நேரத்திலும் கடும் நியமங்களை விதித்தார். மாணவி அவை அனைத்தையும் கடைப்பிடித்தார். முடிவில், 'இனி நீயும் கற்பிக்க வேண்டும்' என்று பணித்தவர் முதலில் மறுத்த அதே ஆசிரியர்தான். இந்திரா தேவி என்று உலகம் அறிந்த அந்த அம்மையார் ஷாங்காயிலும் பின்னர் அமெரிக்காவிலும் யோகம் கற்பித்து, நூறு வயதைக் கடந்து வாழ்ந்து, 2002 இல் மறைந்தார்.

இங்கே மாணவியின் உறுதி பெரிது. ஆசிரியரின் மனமாற்றம் அதற்குக் குறைந்ததன்று. கற்றுத் தேர்ந்த பின்னும் தன் கதவை அகலமாக்கிக்கொள்ள முடியும் என்பதை அவர் காட்டினார். பிற்காலத்தில் சென்னையில் வாழ்ந்தபோது, பயிலும் ஒவ்வொருவரின் வயது, உடல்நிலை, தொழில், மனப்பாங்கு ஆகியவற்றுக்கு ஏற்பப் பயிற்சியை அமைத்துத் தரும் முறையை அவர் செம்மைப்படுத்தினார். யோகத்துக்கு ஆளை ஒடித்து வளைப்பது தவறு. ஆளுக்கு ஏற்ப யோகத்தைத் தருவதே முறை என்பது அதன் சாரம்.

அவருடைய மகன் ஸ்ரீ டி.கே.வி. தேசிகாச்சார் பொறியியல் படித்தவர். இருபதுகளின் வயதில் தந்தையிடம் கற்கத் தொடங்கியவருக்கு, 1960களில் எழுபதை எட்டிய ஜே. கிருஷ்ணமூர்த்தி மாணவராக வந்தார். உலகமே செவிமடுத்த ஒரு சிந்தனையாளருக்கு இளம் ஆசிரியர் கற்பிக்க வேண்டியிருந்தது. புதிய ஆசிரியருக்கு நடுக்கம் ஏற்படும் இடம் இதுதான். 'என்னைவிட மூத்தவருக்கும் அறிந்தவருக்கும் நான் என்ன சொல்வது?' என்று கை நடுங்கும். பின்னால் ஒரு குரு நிற்கிறார், ஐயம் வந்தால் கேட்கலாம் என்ற உறுதி இருந்தால் அந்த நடுக்கம் பணிவாக மாறும். அந்த உறுதி இல்லாவிட்டால் அது அச்சமாகவோ ஆணவமாகவோ திரியும். புதியவரைத் தனியே விட்டுவிடாமல் பின்னால் நிற்பதே மூத்தவரின் கடமை.

கிழக்கே பத்தமடை, மேற்கே நெய்யாறு

அகத்தியர் மலைத்தொடரில் தோன்றும் தாமிரபரணி கிழக்கே பாய்கிறது. அதன் பாசனம் பெறும் பத்தமடையில் 1887 இல் பிறந்தவர் சுவாமி சிவானந்தர். மலேயாவில் மருத்துவராக இருந்து தோட்டத் தொழிலாளருக்குச் சிகிச்சை செய்தவர், 1924 இல் ரிஷிகேசத்தில் துறவு பூண்டார். 1936 இல் தெய்வ நெறிக் கழகத்தை நிறுவினார். சீடர்கள் பக்குவம் அடைந்ததும் தம்மைச் சுற்றியே இருத்திக்கொள்ளாமல் உலகுக்கு அனுப்பினார். ஜெர்மனியில் பிறந்த ஓர் அம்மையாருக்கு 1956 இல் துறவு அளித்துக் கனடாவுக்குத் திருப்பி அனுப்பினார். அவரே சுவாமி சிவானந்த ராதா. 1957 இல் சுவாமி விஷ்ணுதேவானந்தரை மேலைநாட்டுக்கு அனுப்பினார். ஒவ்வொரு சீடரும் தத்தம் இயல்புக்கு ஏற்பக் கற்பித்தனர். தம் நகல்களாக அவர்கள் இருக்க வேண்டும் என்று குரு எதிர்பார்க்கவில்லை.

அதே மலைத்தொடரிலிருந்து மேற்கே இறங்குவது நெய்யாறு. அதன் அணைக்கருகே 1978 இல் விஷ்ணுதேவானந்தர் ஆசிரமம் அமைத்தார். அவர் 1969 இல் தொடங்கிய ஆசிரியர் பயிற்சி முறையில் பல நாட்டவர் அங்கு வந்து பயின்றிருக்கிறார்கள். இந்தச் சிறப்பைக் கூறும்போது ஒரு துயரத்தையும் மறைக்கலாகாது. அவர் மறைந்து 26 ஆண்டுகளுக்குப் பின், 2019 இல், அவரிடம் நெடுங்காலம் பணியாற்றிய பெண்மணி ஒருவர், அவர் தம்மிடம் வரம்பு மீறியதாகப் பகிரங்கமாகக் கூறினார். அமைப்பே வெளியார் ஒருவரைக் கொண்டு விசாரிக்க ஏற்பாடு செய்தது. வேறு பல யோகப் பள்ளிகளிலும் இத்தகைய புகார்கள் எழுந்துள்ளன.

குருபக்தி உயர்ந்தது, அதுவே கேள்வி கேட்க முடியாத மௌனமாகிவிட்டால் ஆபத்து. ஆதலால் புதிய ஆசிரியருக்கு ஆசனங்களைக் கற்பிக்கும் முன்பே சில நியமங்களைக் கற்பிக்க வேண்டும். மாணவரின் உடலைத் தொட்டுத் திருத்துமுன் அனுமதி கேட்க வேண்டும். 'வேண்டாம்' என்று சொல்பவரிடம் காரணம் கேட்கலாகாது. மனக்குறையைச் சொல்ல ஆசிரியரைத் தவிர வேறொருவரும் இருக்க வேண்டும். பதஞ்சலி முனிவர் எட்டு அங்கங்களில் யமத்தை முதலாவதாக வைத்தார். அதில் அகிம்சை முதலாவது. ஆசனம் மூன்றாவதாகவே வருகிறது. இந்த வரிசை காரணமின்றி அமைந்ததன்று.

கதவைத் திறப்பதும் வீட்டாரை மதிப்பதும்

அகத்தியர்கூடத்துக்குச் செல்லப் பெண்களுக்கு நெடுங்காலம் அனுமதி இல்லாதிருந்தது. 2018 நவம்பரில் கேரள உயர்நீதிமன்றம் அந்தத் தடை கூடாது என்று தீர்ப்பளித்தது. 2019 ஜனவரியில் பெண்கள் முறைப்படி பதிவு செய்து சிகரம் ஏறினர். மலையைத் தங்கள் தெய்வத்தின் இருப்பிடமாகப் போற்றும் காணி மக்கள் வருந்தினர். போனக்காட்டில் தங்கள் எதிர்ப்பைத் தெரிவித்தனர். எனினும் எவரையும் தடுக்கவில்லை.

இந்நிகழ்ச்சியில் ஒரு பக்கத்தை மட்டும் பார்ப்பது எளிது. வழி மறுக்கப்பட்ட பெண்ணுக்கு வழி கிடைக்கத்தான் வேண்டும். அதே வேளையில், தலைமுறை தலைமுறையாக அந்தக் காட்டைக் காத்து வந்தவரின் மனமும் மதிக்கப்பட வேண்டும். எல்லோரையும் அணைக்கும் சமூகம் என்பது புதிதாக வருபவருக்கு மட்டும் கதவு திறப்பதன்று. ஏற்கெனவே வீட்டில் இருப்பவரோடு அமர்ந்து பேசுவதும் அதில் அடங்கும். இரண்டாவது வேலை முதலாவதைவிடக் கடினம். பொறுமையும் காலமும் அதற்கு வேண்டும்.

காணி மக்களே ஆசிரியர்களாக இருந்த வரலாறும் உண்டு. 1987 இல் காட்டாய்வுக்குச் சென்ற அறிவியலாளர்கள், உடன் வந்த காணி இளைஞர்கள் ஏதோ ஒரு சிறு கனியைத் தின்று களைப்பின்றி நடப்பதைக் கண்டனர். முதலில் சொல்லத் தயங்கிய இளைஞர்கள் பின்னர் அந்த ஆரோக்கியப்பச்சைச் செடியைக் காட்டினர். பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. அதன் உரிமத் தொகையிலும் பங்குத் தொகையிலும் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாகி, அதற்காக 1997 இல் அவர்கள் பெயரிலேயே ஓர் அறக்கட்டளை அமைந்தது. பள்ளிப் படிப்பு குறைந்தவரிடமும் கற்க உண்டு, கற்றதற்கு ஈடு செய்யவும் வேண்டும் என்பதை யோக உலகம் இதிலிருந்து அறியலாம்.

கடைசி வரிசை

போனக்காடு போன்ற ஓர் ஊரில் யோக வகுப்பு தொடங்கும் இளம் ஆசிரியரை எண்ணிப் பார்ப்போம். வாழ்நாளெல்லாம் சரிவில் நின்று கொழுந்து பறித்த பெண் வருகிறார். முதுகில் சுமையோடு குனிந்தே காலம் கழித்த அவரிடம் 'இன்னும் குனியுங்கள்' என்று பாதஹஸ்தாசனம் சொல்லித் தருவது அறியாமை. கால்களைச் சுவரில் உயர்த்திப் படுக்கச் செய்து, மூச்சைக் கவனிக்கச் சொல்லி, சவாசனத்தில் சற்றே ஓய்வு கொடுத்தால் அவருக்கு அதுவே யோகம். தரையில் உட்கார முடியாத முதியவருக்கு நாற்காலி போடலாம். வடமொழிப் பெயர் புரியாதவருக்குத் தமிழிலோ மலையாளத்திலோ சொல்லலாம். அந்த வட்டாரத்திலேயே குரிசுமலை யாத்திரை செல்லும் கிறிஸ்தவ அன்பர்களும் உண்டு. அவர்களை ஓங்காரம் சொல்லக் கட்டாயப்படுத்தாமல் அமைதியாக அமரச் சொன்னால் வகுப்பின் புனிதம் குறைந்துவிடாது. கட்டணம் கொடுக்க இயலாதவர் பாய் விரித்தும் விளக்கேற்றியும் சேவை செய்யலாம். அதுவும் இயலாதவர் வந்து அமர்ந்தாலே போதும்.

மூத்த ஆசிரியர் புதியவரின் வகுப்பைப் பார்வையிடும்போது முன்வரிசையில் சிரசாசனம் செய்பவரைப் பார்த்து மகிழ்ந்துவிடலாகாது. கடைசி வரிசைக்குச் சென்று அமர வேண்டும். அங்கே கூச்சத்தோடு இருப்பவர் மறுவாரமும் வருகிறாரா, அவர் பெயர் ஆசிரியருக்குத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். குறையிருந்தால் எல்லோர் முன்னும் சொல்லாமல், வகுப்பு முடிந்தபின் தனியே, அன்போடு சொல்ல வேண்டும். நிறை இருந்தால் எல்லோர் முன்னும் சொல்ல வேண்டும்.

இன்று 200 மணி நேரப் பயிற்சி முடித்தால் ஆசிரியர் சான்றிதழ் கிடைத்துவிடுகிறது. சான்றிதழ் தேவையே, அதைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டலாம். ஆசிரியத் தன்மை வருவது அதன் பிறகு, தளர்ந்த ஓர் உடலின் அருகே தரையில் அமர்ந்து, 'அம்மா, இப்போது எப்படி இருக்கிறது?' என்று கேட்டு, பதிலைப் பொறுமையாகக் கேட்கும்போது. பள்ளமாகிய அத்தகைய ஆசிரியரை நாடித் தண்ணீர் தானே வரும். எந்த மலையிலிருந்து வந்தது, எந்தத் திசையிலிருந்து வந்தது என்று அங்கே எவரும் கேட்கமாட்டார்.