பின்புறம் பூசாதீர்கள்

செகந்திராபாத் மாரேட்பள்ளி, பத்மாராவ் நகர் பக்கத்துப் பழைய அடுக்ககங்களில் குளியலறையைப் புதுப்பிக்கிறவர்கள் தரையை உடைக்கத் தயங்குவார்கள். தூசி, சத்தம், கீழ்வீட்டுக்காரரின் முகம் எல்லாம் யோசித்து, பழைய டைல்ஸ் மேலேயே புதியதை ஒட்டிவிடச் சொல்வார்கள். பசையும் டைலும் சேர்ந்து தரை அரை அங்குலத்துக்கு மேல் உயர்ந்துவிடும். கழிவுக்குழாயின் வாயும் அதைச் சுற்றியுள்ள ஃபிளாஞ்ச் வளையமும் மட்டும் பழைய பள்ளத்திலேயே கிடக்கும். அந்த வளையம் புதுத் தரையின் மேல் படிந்து உட்கார வேண்டியது. இதில் தரைக்கு வேறு தண்ணீர் வடியும் நானி டிராப்பை நோக்கி ஒரு சரிவு உண்டு. விளைவு, புது கம்மோடு ஏறி உட்கார்ந்தால் ஆடும்.

ஆட்டத்தை நிறுத்த அவசரக்காரர்களிடம் இரண்டு வழி உண்டு. போல்ட்டை இன்னும் ஒரு சுற்று முறுக்குவது ஒன்று. பீங்கான் விரிசல் விடுவது பெரும்பாலும் அப்படித்தான். சுற்றிலும் வெள்ளை சிமெண்ட் அப்பிவிடுவது இன்னொன்று. பார்க்கவும் சுத்தமாக இருக்கும். ஆனால் கசியாமலிருக்க அடியில் வைத்த மெழுகு வளையம் ஒருமுறை அமுங்கினால் திரும்ப எழும்பாது. சிமெண்ட் விட்டுக்கொடுத்து கம்மோடு மறுபடி ஆடத் தொடங்கினால், ஒவ்வொரு ஆட்டத்திலும் வளையத்தில் இடைவெளி விழும். நாற்றம் அந்த வழியே மேலே வரும், தண்ணீர் கீழே போகும்.

சரியான வேலை மெதுவானது. பழைய வளையத்தின் மேல் உயரம் கூட்டும் வளையத்தை வைத்து, நடுவே சீலண்ட் பூசி, தரை மட்டத்துக்குக் கொண்டுவந்து திருக வேண்டும். மெழுகு வைக்காமல் கம்மோடை ஒருமுறை வெறுமனே உட்கார வைத்து, ரசமட்டம் பார்த்து, ஆடும் பக்கத்தில் பிளாஸ்டிக் ஆப்பு செருக வேண்டும். அதன் பிறகுதான் மெழுகு வளையம், பிறகு இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குவது. கடைசியில் சுற்றிலும் சிலிகான். பின்புறம் மட்டும் இரண்டு விரல் அகலம் பூசாமல் விட வேண்டும்.

மேஸ்திரிகள் மல்லுக்கு நிற்பது இந்தக் கடைசி இடத்தில்தான். வேலை அரைகுறையாகத் தெரியுமே என்பது அவர்கள் கவலை. நாளைக்கு உள்ளே கசிந்தால் தண்ணீர் அந்த இடைவெளியில் வந்து உங்கள் கண்ணில் படும் என்பது நம் கணக்கு. முழுவதும் அடைத்துவிட்டால், தரைக்கடியில் நிரப்பிய செங்கல் துண்டுகளில் மாதக்கணக்கில் ஊறிவிட்டுக் கீழ்வீட்டு மேற்கூரையில் மஞ்சள் கறையாகத் தெரியும். அப்போது குறை சொல்ல வருகிறவர் உங்கள் பிளம்பராக இருக்க மாட்டார்.

இப்படி இடம் விடுவது புது யோசனை அல்ல. 1908 செப்டம்பரில் மூசி ஆறு பெருக்கெடுத்து ஹைதராபாத்தைச் சூறையாடியபின், நிஜாம் அரசு 1909-இல் பொறியாளர் விசுவேசுவரய்யாவை அழைத்தது. அவர் யோசனையில் வந்த உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் ஏரிகள் எல்லோருக்கும் தெரியும், ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டமும் உண்டு. ஊருக்குச் சாக்கடைத் திட்டமும் அவர் தந்தார். அதைப் பார்க்க யாரும் டிபன் கட்டிக்கொண்டு போவதில்லை. சாக்கடை போடும் எந்தப் பொறியாளரும் குழாயை ஒரே மூடலாக மூடுவதில்லை. குழாய் திரும்பும் இடத்திலும், சரிவு மாறும் இடத்திலும் மேன்ஹோல் வைப்பார். அடைப்பும் உடைப்பும் வரத்தான் செய்யும், வந்தால் திறந்து பார்க்க இடம் வேண்டும் என்பது அவர் படித்த பாடம். பூசாமல் விட்ட இரண்டு விரல் இடம் வீட்டுக்குள் அதே வேலையைச் செய்கிறது.

மேஸ்திரி பழக்கத்தில் பின்புறத்தையும் பூசிவிட்டால், காய்வதற்குள் வழித்தெடுக்கச் சொல்லுங்கள். சிலிகான் என்றால் மறுநாளும் பிளேடு போதும். வெள்ளை சிமெண்ட் இறுகிவிட்டால் உளிதான் வைக்க வேண்டும்; புது பீங்கானுக்கு அருகில் உளியைக் கொண்டுபோவதை எந்த மேஸ்திரியும் விரும்ப மாட்டார்.