பேசாதவனுக்கு வலிக்காதா?

கலாடின் என்ற இளைஞனின் நெற்றியில் அடிமைச் சூடு போட்டிருக்கிறார்கள். மருத்துவர் ஒருவரின் மகன் அவன். தம்பியைக் காப்பதற்காகவே படையில் சேர்ந்தான். அந்தத் தம்பியைப் பறிகொடுத்தான். பிறகு தன் தலைவனின் உயிரைக் காப்பாற்றினான். அந்தத் தலைவனே அவனை அடிமையாக விற்றான். படிக்கிற நமக்கு வயிறு எரிகிறது. இவனுக்கு என்றைக்கு விடிவு வரும் என்று பக்கத்தைப் புரட்டிக்கொண்டே போகிறோம்.

அதே பக்கங்களில் இன்னொரு கூட்டமும் இருக்கிறது. மூட்டை தூக்குகிறது, தண்ணீர் சுமக்கிறது, ஏவியதைச் செய்கிறது, பேசுவதில்லை. அவர்களுக்காக நமக்கு வயிறு எரியவில்லை. ஆயிரம் பக்கத்துக்கு மேல் நீளும் முதல் நூலை முடித்துவிட்டு, அவர்களைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் மூடி வைக்கிறோம். அந்தக் கேள்வி நமக்கு ஏன் எழவில்லை என்பதுதான் என் கேள்வி.

அமெரிக்க எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சனின் 'ஸ்டார்ம்லைட் ஆர்க்கைவ்' என்ற தொடரைத்தான் சொல்கிறேன். முதல் நூல் 2010-இல் வந்தது, ஐந்தாவது 2024-இல். கதை நடப்பது ரோஷர் என்ற கற்பனை உலகில். அலெத்கார் நாட்டு அரசன், பார்ஷெண்டி என்ற அயல் இனத்தாரோடு உடன்படிக்கை செய்துகொள்கிறான். அன்று இரவே அவர்கள் ஏவிய ஆள் அவனைக் கொல்கிறான். பழிதீர்க்கப் புறப்பட்ட படை, பாளம் பாளமாகப் பிளந்து கிடக்கும் ஒரு சமவெளியில் ஆண்டுக்கணக்கில் போரிடுகிறது. போகப் போகப் பழி மறந்துபோகிறது. அங்கே கிடைக்கும் மாணிக்கக் கற்களுக்காகப் பிரபுக்களுக்குள் போட்டி மூள்கிறது. பிளவுகளைக் கடக்க மரப்பாலங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடுகிறவர்களில் அடிமைகள் ஏராளம். அவர்களுக்குக் கேடயம் தருவதில்லை. எதிரியின் அம்பு சிப்பாய்களை விட்டுவிட்டு இவர்கள் மேல் பாயட்டும் என்பதுதான் கணக்கு. கலாடின் அப்படிப் பாலம் தூக்கியவன்.

அந்தச் சமூகத்தில் மேல் கீழ் பார்ப்பது கண்ணின் நிறத்தை வைத்து. வெளிர்கண்ணர் ஆள்வார்கள், கருங்கண்ணர் உழைப்பார்கள். அதற்கும் கீழே, எந்தக் கணக்கிலும் சேராமல், பார்ஷ் என்ற ஊமை அடிமைகள். தோலில் பளிங்குக்கல் போலக் கோடு ஓடும் வேற்றினம். சொந்தப் புத்தி இல்லாதவர்கள், அடங்கி நடப்பதே அவர்கள் இயல்பு என்பது அந்த உலகத்தின் பொது அறிவு.

கலாடினின் பாலக்குழுவுக்கு ஷென் என்ற பார்ஷ் ஒருவனை அனுப்புகிறார்கள். பள்ளத்தாக்கில் அவன் இனத்தவரான பார்ஷெண்டிகளின் பிணங்கள் கிடக்கின்றன. அவர்கள் உடலிலேயே ஓடு வளரும். அதைப் பெயர்த்தெடுத்துக் கவசம் செய்தால் எதிரி ஆத்திரப்பட்டுத் தன் ஒருவன் மேலேயே அம்பு எய்வான், தோழர்கள் பிழைப்பார்கள் என்று கலாடின் திட்டமிடுகிறான். பிணத்தில் அவன் கை வைத்ததும், வாயே திறக்காத ஷென் பதறிப்போகிறான். சொல்லத் தெரியாதவன் தன் உடலால் சொல்கிறான்: செத்தவரைத் தொடாதே. கலாடின் அதைப் பார்க்கிறான். பார்த்துவிட்டு வேலையைத் தொடர்கிறான். கவசம் தயாராகிறது, திட்டமும் பலிக்கிறது. நாமும் கைதட்டுகிறோம்.

புத்தியில்லாதவன் இறந்தவருக்காக ஏன் துடிக்க வேண்டும்? சான்று கண்முன்னே இருந்தது. பார்த்தவனும் ஓர் அடிமை. சாட்டையின் வலி தெரிந்தவனுக்கே தனக்குக் கீழே இருந்தவனின் வலி தெரியவில்லை. படிப்படியாய் அடுக்கிய சமத்துவமின்மை என்று அம்பேத்கர் சாதியைப் பற்றிச் சொன்னது இதைத்தான். ஒவ்வொரு படியில் நிற்பவனுக்கும் மேலே பார்த்துக் கோபப்பட ஒருவன் உண்டு, கீழே பார்த்து ஆறுதல்கொள்ளவும் ஒருவன் உண்டு. அந்த ஆறுதல் இருக்கும் வரை ஏணி அசையாது.

பின்னால் வரும் நூல்களில் உண்மை வெளிவருகிறது. பார்ஷ் மக்கள் புத்தியில்லாமல் பிறந்த இனமல்ல. பழைய போர் ஒன்றின் முடிவில் மனிதர்கள் செய்த காரியம் அவர்களுடைய மனத்தையே முடக்கிப் போட்டது. பிறகு முடக்கியவர்களின் பிள்ளைகள், முடங்கிக் கிடப்பதே இவர்கள் பிறவிக்குணம் என்று எழுதிவைத்துக்கொண்டார்கள். காலை ஒடித்தவன் கையிலேயே, இவன் பிறவி நொண்டி என்ற சான்றிதழும் இருந்தது.

கற்பனைதானே என்று இதைத் தள்ளிவிட முடியாது. சிலர் பிறவியிலேயே அடிமைகள் என்று வாதிட்டவர் அரிஸ்டாட்டில். நோவாவின் சாபத்தைக் காட்டிக் கறுப்பினத்தாரின் அடிமைத்தனம் தெய்வ சித்தம் என்று அமெரிக்கப் போதகர்கள் பேசினார்கள். 1851-இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், தப்பி ஓட நினைப்பதே அடிமைகளுக்கு வரும் ஒரு நோய் என்று சொல்லி, அந்த நோய்க்கு ஒரு பெயரும் சூட்டினார். மதமும் தத்துவமும் மருத்துவமும் கைகோத்துக்கொண்டு ஒரே பொய்யைச் சொல்லின: அவனுக்கு அறிவில்லை.

அறிவில்லாதவனுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதைச் சட்டம் போட்டு ஏன் தடுத்தார்கள்? தென் கரோலினா 1740-லேயே அப்படி ஒரு சட்டம் இயற்றியது. கல்லுக்கு எழுத்துக் கற்றுத்தரக் கூடாது என்று யாரும் சட்டம் போடுவதில்லை. தடை போட்ட கைக்கே உண்மை தெரியும். பால்டிமோர் தெருவில் ஓர் அடிமைச் சிறுவன், ஏழை வெள்ளைப் பிள்ளைகளுக்கு ரொட்டியைக் கொடுத்துப் பதிலுக்கு எழுத்துகளைக் கற்றுக்கொண்டான். 1838-இல் தப்பினான், 1845-இல் தன் வரலாற்றைத் தானே எழுதினான். ஃபிரடெரிக் டக்ளஸ் என்ற அந்த ஒரு மனிதரின் எழுத்துக்கு முன்னால் அத்தனை சாத்திரமும் பொய்யாய்ப் போனது.

மூன்றாவது நூலுக்கு வருவோம். ஒரு பெரும்புயல் வீசுகிறது, பார்ஷ் மக்களுக்கு மனம் திரும்புகிறது. அரக்கர் படை கிளம்பிவிட்டது என்று உலகமே அலறுகிறது. அவர்களைத் தேடிப்போன கலாடின் கொட்டும் மழையில் என்ன பார்க்கிறான்? நேற்றுவரை அடிமைகளாக இருந்தவர்கள், பிள்ளைகுட்டிகளோடு நனைந்துகொண்டு, சீட்டு விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த வேளைச் சோற்றுக்கும் அடுத்த புயலுக்கு ஒதுங்க ஓர் இடத்துக்கும் வழி தேடுகிறார்கள். உலகம் அஞ்சிய அரக்கர்கள் இவர்கள்தான்.

கலாடின் சில காலம் அவர்களோடு நடக்கிறான். பிறகு மனிதர்களும் அவர்களும் மோதுகிறார்கள். அந்த மழையில் தன்னோடு நடந்தவர்களும், தன்னோடு நகர மதிலைக் காத்த மனிதர்களும் ஓர் அரண்மனைக் கூடத்தில் ஒருவரையொருவர் வெட்டிச் சாய்ப்பதைக் கண்டு கலாடின் கையில் ஆயுதத்தோடு உறைந்து நிற்கிறான். அவனுக்கு எதிரி என்று ஒருவரும் மிஞ்சவில்லை. முகம் தெரிந்த பிறகு யாரை வெட்டுவது?

பார்ஷ் மக்களுக்கு விடுதலை தர வந்த தெய்வங்கள் என்ன செய்தன என்பதையும் பார்க்க வேண்டும். செத்துப்போன மூதாதையரின் ஆவிகளே அந்தத் தெய்வங்கள். உயிரோடிருக்கும் தம் இனத்தவரின் உடலில் அவை புகுந்துகொள்கின்றன. புகுந்த உடலுக்கு உரியவன் அத்தோடு தீர்ந்தான். கலாடினைச் சேர்த்துக்கொண்ட குற்றத்துக்காக, அந்தச் சீட்டாடிய கூட்டத்தை நகரத்து மதிலேற முதல் வரிசையில் தள்ளுகிறார்கள். எசமான் மாறினான், சாட்டை மாறவில்லை. முன்னோர் பெருமை பேசும் ஒவ்வொரு கூட்டத்தையும் எனக்கு இது நினைவூட்டுகிறது. செத்தவரின் பழியைத் தீர்க்க உயிருள்ள பிள்ளையின் உடல்தான் கேட்கப்படுகிறது.

தொடரின் பெரிய அதிர்ச்சி வேறு. மனிதர்களே அந்த மண்ணுக்கு வந்தேறிகள், பார்ஷ் இனத்தாரே பூர்வகுடிகள் என்று பழைய எழுத்து ஒன்று சொல்கிறது. அந்த உண்மை முன்னொரு காலத்தில் புனித வீரர்களையே நிலைகுலைய வைத்து, ஆயுதத்தைக் கைவிடச் செய்தது. நான் கேட்கிறேன்: பார்ஷ் மக்கள் நேற்று வந்தவர்களாகவே இருந்திருந்தால், அவர்களை அடிமையாக்கியது நியாயமாகிவிடுமா? ஆகாது. அப்படியானால் யார் முதலில் வந்தார் என்ற கணக்கில் அவர்கள் விடுதலை தொங்கவில்லை.

ஆரியர் படையெடுத்து வந்து பூர்வகுடிகளைச் சூத்திரராக்கினர் என்ற கோட்பாட்டை அம்பேத்கர் 1946-இல் வெளிவந்த தம் சூத்திரர் பற்றிய நூலில் மறுத்தார். அதனால் சாதி மீதான அவர் போர் தளர்ந்ததா? 1936-இலேயே சாதி ஒழிப்புக்கு அவர் வைத்த அடிப்படை சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம். மண்ணுக்கு மூத்தவன் யார் என்ற வழக்கு எப்படித் தீர்ந்தாலும் அந்த மூன்றும் நிற்கும். அடிமைத்தனத்துக்கு எப்போதும் ஒரு பழங்கதை வேண்டும், சாபமோ, பிறவியோ, கண்ணின் நிறமோ. விடுதலைக்குக் கதை வேண்டாம். அவனுக்கு வலிக்கிறது என்ற ஒன்றே போதும்.

இந்த நாட்டில் கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல் வந்தது. செங்கல் சூளையிலிருந்தும் அரிசி ஆலையிலிருந்தும் குடும்பம் குடும்பமாக ஆட்களை மீட்டதாக அதற்குப் பிறகும் தமிழ்நாட்டில் செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது. அவற்றைப் படித்து நாம் பதறுகிறோம். அதே நாம், சாக்கடைக்குள் இறங்குகிறவரையும் வெயிலில் கல் சுமக்கிறவரையும் பார்த்து மிகச் சாதாரணமாக ஒரு வாக்கியம் சொல்கிறோம்: "அவங்களுக்கு அது பழகிப்போச்சு."

பார்ஷ் மக்களைப் பற்றி அலெத்கார் பிரபுக்கள் சொன்னதும் இதையேதான். அடுத்தமுறை அந்த வாக்கியம் உங்கள் வாயில் வந்தால், சொல்லி முடிக்காதீர்கள். அவரிடமே போய்க் கேளுங்கள்.